கடைசி சீட்டில் எத்தனை ஜி? இடுப்பில் கட்டிய சோப்பு டப்பாவின் கணக்கு

போன ஞாயிற்றுக்கிழமையோடு பஸ் அளவுகள் எல்லாம் எடுத்து முடிந்தன. ஐந்து வாரமாக இழுத்துக்கொண்டிருந்த வேலை. மறந்துபோவதற்குள் எழுதிவைக்கிறேன்.

ஆரம்பித்தது அம்மாவால். தையில் ஊருக்குப் போய்விட்டு டவுன் பஸ்ஸில் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்திருக்கிறார். வேகத்தடை ஒன்றில் பஸ் ஏறி இறங்க, "அப்படியே தூக்கிப் போட்டுருச்சுப்பா" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. ஆனால் மூன்று வாரம் சரியாகப் படுக்க முடியவில்லை. எலும்பு டாக்டர் சொன்ன முதல் வாக்கியம், "வயசானவங்க பஸ்ல கடைசி சீட்ல உட்காரவே கூடாது." உட்காரக் கூடாது என்பது சரி. அந்த ஒரு நொடியில் அம்மாவின் முதுகெலும்பு எவ்வளவு வாங்கியது? அதை எண்ணாகப் பார்க்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

அளவு ஜி என்பதில்தான். சும்மா நிற்கும்போது தரை நம்மைத் தாங்கும் விசை ஒரு ஜி. இரண்டு ஜி என்றால் அந்தக் கணத்தில் உடம்பு இரண்டு மடங்கு கனக்கிறது. பூஜ்யம் என்றால் நம்மை எதுவும் தாங்கவில்லை, அந்தரத்தில் இருக்கிறோம். இதற்கு மேல் பாடம் தேவைப்படவில்லை.

முதலில் வாங்கியது மேல் கீழ், முன் பின், பக்கவாட்டு என்று மூன்று அச்சிலும் ஜியை அளக்கும் எம்.பி.யு. 6050 முடுக்கமானி என்ற சென்சார், அதைப் படிக்க ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை, மெமரி கார்டு சொருகும் சிறிய பலகை. சென்சார் 180 ரூபாய், நானோ 320, கார்டு பலகை 70. ஒரு சனிக்கிழமை மதியம் எல்லாவற்றையும் சால்டர் செய்து, 25 ரூபாய் சோப்பு டப்பாவுக்குள் ஒட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து வந்தேன். கார்டைத் திறந்தால் நடைக்கே இரண்டு ஜிக்குப் பக்கத்தில் காட்டியது. சாதாரண நடையில் அப்படி வரவே வராது. டப்பா பைக்குள் துள்ளித் துள்ளி நெஞ்சில் மோதியிருக்கிறது. அது என் உடம்பின் கணக்கு இல்லை, சட்டைப் பையின் கணக்கு.

அடுத்து டப்பாவை பெல்ட்டில் மாட்டினேன். அப்போதும் ஆடியது. கடைசியில் மெடிக்கல் ஷாப்பில் முதுகுவலிக்கு விற்கும் அகலமான எலாஸ்டிக் இடுப்பு பெல்ட், 380 ரூபாய். அதன் உள்பக்கம் முதுகெலும்பு வரும் இடத்தில் அக்கா ஒரு பை தைத்துக் கொடுத்தார். டப்பா அதில் இறுக்கமாக உட்கார்ந்து, இடுப்பெலும்புக்கு நேராக அழுந்தி நின்றது. நடை 1.2, 1.3 ஜிக்கு இறங்கியது. இந்தத் திட்டத்தில் நான் செலவழித்த பணத்தில் மிகவும் பயன்பட்டது அந்த 380 ரூபாய்தான். சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உடம்போடு ஒட்டி நிற்காவிட்டால் வருவதெல்லாம் பொய்.

அப்புறம் குதித்துப் பார்த்தேன். மாடிப்படியின் கடைசிப் படியிலிருந்து ஒரு குதி. வரைபடத்தில் மேடு ஏறி, சரியாக இரண்டு ஜியில் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக நின்றது. இன்னொரு முறை குதித்தேன், அதே தட்டை. அன்று இரவு ஒரு மணி நேரம் தேடிய பிறகு புரிந்தது: இந்தச் சென்சார் எதுவும் சொல்லாவிட்டால் கூட்டல் கழித்தல் இரண்டு ஜி வரைதான் அளக்கும். அதை 4, 8, 16 என்று நாமே மாற்றிக்கொள்ள வேண்டும். 16க்கு மாற்றினேன். மாற்றியதும் அசையாமல் நிற்கும்போதே 0.125 ஜி என்று வந்தது! சென்சார் போய்விட்டது என்றே நினைத்து இன்னொன்று ஆர்டர் போடப் போனேன். நல்ல வேளையாக அந்த எண் கண்ணில் உறுத்தியது. எட்டில் ஒரு பங்கு. சென்சார் தருவது வெறும் எண்ணிக்கை, அதை வகுத்தால்தான் ஜி கிடைக்கும். இரண்டு ஜி எல்லையில் ஒரு ஜிக்கு 16384 எண்ணிக்கை, பதினாறு ஜி எல்லையில் 2048. எல்லையை மாற்றிய நான் வகுக்கும் எண்ணை மாற்றவில்லை. மாற்றியதும் எல்லாம் சரியானது.

இந்த இடத்தில் ஒரு வேலையைத் தள்ளிப்போடக் கூடாது, அளவை நேர்செய்வது. கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தைக் கடன் வாங்கி, மேசையை மட்டம் பார்த்து, டப்பாவை ஆறு பக்கமும் மாற்றி மாற்றி வைத்து எடுத்தேன். மேல் கீழ் அச்சில் நேராக வைத்தால் 1.06, தலைகீழாக வைத்தால் கழித்தல் 0.97. அதாவது 0.045 தள்ளி நிற்கிறது, அளவுகோலும் ஒன்றரை சதவீதம் நீண்டிருக்கிறது. இரண்டையும் நிரலில் திருத்தினேன். பத்து நிமிட வேலை.

அடுத்த தொல்லை வேகம். முதலில் நொடிக்குப் பத்து அளவுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். குதித்துத் தரையைத் தொடும் அடி ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடுகிறது. பத்து அளவு என்றால் அந்த மேடு இரண்டு அளவுகளுக்கு நடுவில் ஒளிந்துகொள்கிறது. நொடிக்கு 200 ஆக்கினேன். இப்போது கார்டு தடுமாறியது. மெமரி கார்டு எழுதும்போது இடையிடையே மூச்சு வாங்குவதுபோல் நின்றுவிடும். அந்த இடைவெளியில் வரும் அளவுகளைப் பிடித்துவைக்க நானோவில் இடமில்லை, அதன் மொத்த நினைவகமே 2 கிலோபைட். மூன்று அச்சுக்கும் சேர்த்து நொடிக்கு 1200 பைட் வருகிறது, கார்டுக்கான நிரலே 512ஐ எடுத்துக்கொள்கிறது. இரண்டு மாலை இதோடு மல்லுக்கட்டிவிட்டு நானோவை எடுத்து வைத்துவிட்டு ஈ.எஸ்.பி. 32 என்ற இன்னொரு குட்டிப் பலகை வாங்கினேன், 450 ரூபாய். அதில் 520 கிலோபைட் இருக்கிறது. அளவுகளை நினைவகத்தில் சேர்த்துவைத்து மொத்தமாக எழுதவிட்டேன். பிரச்சினை அதோடு தீர்ந்தது. முதலிலேயே இதை வாங்கியிருந்தால் 320 ரூபாயும் ஒரு வாரமும் மிச்சம்.

இன்னொரு கோளாறு இருந்தது. அது எனக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. நடை, படி எல்லாம் ஒழுங்காகப் பதிவாகும். குதித்தால் மட்டும் தரையைத் தொடும் இடத்தில் பதிவு அறுந்துவிடும். எனக்கு வேண்டியது அந்த இடம்தான். நிரலில் தேடினேன், கார்டை மாற்றினேன். காரணம் பேட்டரிக் கூடு. 18650 என்ற உருளை லித்தியம் செல்லை ஸ்பிரிங் வைத்த கூட்டில் போட்டிருந்தேன். தரையில் இறங்கும் அடியில் 45 கிராம் செல்லும் பல மடங்கு கனத்து ஸ்பிரிங்கை அமுக்கி, ஒரு கணம் தொடுப்பு விட்டுப் பலகை அணைந்து மறுபடி எழுந்திருக்கிறது. என் முதுகெலும்பு வாங்கும் அதே அடியை டப்பாவுக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளும் வாங்குகிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. நிக்கல் பட்டை பற்றவைத்தே வரும் செல்லை 180 ரூபாய்க்கு வாங்கி, பட்டையில் மட்டும் ஒயரைச் சால்டர் செய்தேன். வெறும் லித்தியம் செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைக்கக் கூடாது, சூட்டில் ஆபத்து. மின்னழுத்தத்தை 5 வோல்ட்டுக்கு ஏற்றும் பலகை 60, சார்ஜ் ஏற்றும் பலகை 30. பிறகு ஒரு முறைகூட அறுபடவில்லை.

கருவியை நம்பலாமா என்று பார்க்க ஒரு எளிய வழி கிடைத்தது. டேப் வைத்து 40 சென்டிமீட்டர் அளந்த பெஞ்சிலிருந்து இறங்கிக் குதித்தேன். அந்த உயரம் விழ 0.286 நொடி ஆக வேண்டும், நொடிக்கு 200 அளவு என்றால் 57 புள்ளிகள். அந்தரத்தில் இருக்கும்போது சென்சார் பூஜ்யத்தை ஒட்டிக் காட்டும். எண்ணிப் பார்த்தேன், 55. அன்று ராத்திரி எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

குதிப்பில்தான் பெரிய பாடம். அந்த 40 சென்டிமீட்டரிலிருந்து முழங்காலை நன்றாக மடக்கி, கிட்டத்தட்ட குந்தும் நிலை வரை போய் இறங்கினால் உச்சம் 3.6 ஜி. 15 சென்டிமீட்டர் படியிலிருந்து காலை விறைப்பாக வைத்துக் குதிகாலில் இறங்கினால் 6.2 ஜி. பாதிக்கும் குறைவான உயரம், ஏறத்தாழ இரண்டு மடங்கு அடி. எவ்வளவு உயரத்திலிருந்து வருகிறோம் என்பதைவிட எவ்வளவு தூரத்தில் நிற்கிறோம் என்பதுதான் கணக்கு. 40 விழுந்து 40க்குள் நின்றால் சராசரி இரண்டு ஜி; அதே 40 விழுந்து 5க்குள் நின்றால் ஒன்பது. விறைத்த காலோடு மூன்று முறை குதித்தேன், அது தவறு. ஒரு முறையே போதுமானது. இரண்டு நாள் முழங்காலும் குதிகாலும் வலித்தன. யாரும் அதைச் செய்து பார்க்க வேண்டாம், எண்ணை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஜி என்றதும் பயமாக இருக்கும். போர் விமானிகள் பயிற்சியோடும் காலை இறுக்கும் உடையோடும் ஒன்பது ஜியை நொடிக்கணக்கில் தாங்குகிறார்கள். அமெரிக்க விமானப்படை மருத்துவர் ஜான் ஸ்டாப் 1954 டிசம்பரில் ராக்கெட் பொருத்திய சறுக்கு வண்டியில் உட்கார்ந்து 46.2 ஜியைத் தாங்கி உயிரோடு எழுந்தார். ஆனால் அவர் வார்களால் கட்டப்பட்டிருந்தார், விசை மார்புக்கும் முதுகுக்கும் இடையிலான திசையில் வந்தது. தலையிலிருந்து இடுப்புக்கு, முதுகெலும்பை நீளவாக்கில் அமுக்கும் திசையில் உடம்புக்கு அவ்வளவு தாங்கும் சக்தி கிடையாது. பஸ் சீட் அடிப்பது அந்தத் திசையில்தான்.

பஸ்ஸுக்கு முன்னால் கிடைத்த இடமெல்லாம் கட்டிக்கொண்டு போனேன். படி இறங்குவது 1.7. மெல்லோட்டம் 2.7. லிஃப்ட் 0.9க்கும் 1.1க்கும் நடுவில். வயிற்றில் அவ்வளவு தெரிகிற லிஃப்ட் எண்ணில் இவ்வளவுதான் என்பது ஆச்சரியம். கல் திண்ணையில் தொப்பென்று உட்கார்ந்தால் 4.8 ஜி. இதை அம்மாவிடம் காட்டி, கையை ஊன்றி மெதுவாக உட்காரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் ஊர்த் திருவிழா ராட்டினம் ஆறு மீட்டர் ஆரம் இருக்கும், ஒரு சுற்றுக்கு ஒன்பது நொடி. உச்சியில் 0.7, அடியில் 1.3, கணக்குப் போட்டது அப்படியே வந்தது.

அக்கா வீட்டு வேப்பமரத்து ஊஞ்சலில்தான் ரொம்ப நேரம் சிக்கிக்கொண்டேன். நான் ஆட, அக்கா மகள் பக்கவாட்டிலிருந்து ஃபோனில் படம் பிடித்தாள். படத்தில் கயிறு 45 பாகை வரை போனது. அப்படியென்றால் அடியில் 1.59 ஜி வர வேண்டும், வந்தது 1.5. உச்சியில் 0.7, அதுவும் சரி. ஆனால் முன் பின் அச்சு கிட்டத்தட்ட பூஜ்யத்திலேயே கிடந்தது. முன்னும் பின்னும்தானே ஆடினேன்! அந்த அச்சு செத்துவிட்டது என்று டப்பாவைத் திறந்து ஒயரையெல்லாம் சோதித்தேன். ஒன்றும் ஆகவில்லை. அக்கா மகளிடம் ஒரு டம்ளரில் பாதித் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, ஊஞ்சல் பலகையில் நூலால் கட்டி, வெறும் பலகையை வேகமாக ஆட்டிவிட்டோம். பலகை அவ்வளவு சாய்ந்தும் தண்ணீர் தளும்பவில்லை, டம்ளருக்கு மட்டமாகவே நின்றது. ஊஞ்சலில் நம்மைத் தாங்குவது கயிறு ஒன்றுதான். அதனால் உடம்பு உணரும் விசையும் கயிற்றின் வழியாக மட்டுமே வரும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு ஆடினால் முன்னே போகிறோமா பின்னே போகிறோமா என்பதைவிட, கனக்கிறோம், லேசாகிறோம் என்பதுதான் தெரிகிறது. அவள் அன்று சாயங்காலம் முழுக்க கண்ணை மூடித்தான் ஆடினாள்.

சரி, பஸ். அம்மா அடிபட்ட அதே வேகத்தடையை அதிகாலையில் போய் அளந்தேன். எட்டடி ரீப்பர் கட்டையை மேலே வைத்து, ரசமட்டம் பார்த்து, இரு பக்கமும் டேப் பிடித்தேன். உயரம் 12 சென்டிமீட்டர், அகலம் 1.6 மீட்டர். சாலைகளுக்கு அளவுகள் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் வட்ட வடிவ வேகத்தடை 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அகலத்தில் வண்டி ஏறி இறங்குவதற்கும், இதில் எகிறி விழுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று பார்த்தாலே தெரிந்தது.

பஸ் நிலையத்தில் நின்ற வண்டியையும் அளந்தேன். முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் 5.3 மீட்டர், பின் அச்சிலிருந்து கடைசி சீட்டுக்கு இன்னும் 2.4. பின் சக்கரம் வேகத்தடையில் ஏறும்போது பஸ் முன் சக்கரத்தை ஊன்றுகோலாக வைத்து நிமிர்கிறது. சக்கரம் ஒரு சாண் எழுந்தால், அதற்கும் பின்னால் இருக்கும் கடைசி சீட் ஏறத்தாழ ஒன்றரைச் சாண் எழும். ஏற்றக் கம்பின் நுனியில் உட்கார்ந்த மாதிரி.

மூன்று ஞாயிறு, அதே வழித்தடம், முடிந்தவரை அதே வேகம். ஃபோனில் பார்த்துக்கொண்டேன், 30 கிலோமீட்டரைச் சுற்றி. இரண்டு சக்கர அச்சுக்கும் நடுவில் இருக்கும் சீட்டில் உச்சம் 1.5 ஜி. கடைசி சீட்டில் முதலில் 0.1க்குப் போனது, அதாவது சீட்டிலிருந்து நான் எழும்பிவிட்டேன், பிறகு 3.9. என் எடை 68 கிலோ. இடுப்புக்கு மேலே அதில் பாதி என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் இடுப்பு முள்ளெலும்பின் மேல் 130 கிலோவுக்குக் கொஞ்சம் கூட. 26 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தை அடுக்கியதுபோல். அம்மாவுக்கு 61 வயது. அந்த வரைபடத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மெத்தை கொடுத்து அனுப்பலாமே என்று இரண்டு அங்குல ஸ்பாஞ்ச் வாங்கினேன், 150 ரூபாய். உட்கார அவ்வளவு சுகம். அளந்தால் 4.0, குறையவே இல்லை. என் எடைக்கே பாதிக்கு மேல் அமுங்கிவிடும் ஸ்பாஞ்ச், அடி வரும்போது முழுதும் நசுங்கித் தகரத்தில் கொண்டுபோய் முட்டிவிடுகிறது. மெத்தைக் கடைக்காரரிடம் சொன்னபோது, துண்டு ஃபோம்களைச் சேர்த்து அழுத்திய கெட்டியான பலகை ஒன்றை எடுத்துக் காட்டினார். மூன்று அங்குலம், 320 ரூபாய். அது 3.1க்கு இறக்கியது. உதவிதான், ஆனாலும் நடு சீட்டுக்குப் பக்கத்தில் வரவில்லை.

உண்மையான விடையைக் காட்டியவர் கண்டக்டர் அண்ணன். இடுப்பில் கட்டியிருப்பது என்ன என்று கேட்டார், சொன்னேன். "இதுக்கு மெஷினா தம்பி? என் காலைப் பாருங்க" என்றார். பார்த்தேன். பின்படிக்கட்டுப் பக்கம் கம்பியைப் பிடித்து நின்றிருந்தவர், வேகத்தடை வருவதற்கு முன்னால் குதிகாலை லேசாகத் தூக்கி முழங்காலைத் தளர்த்திக்கொண்டார். பஸ் எகிறியது, அவர் தலை நின்ற இடத்திலேயே நின்றது. அடுத்த நடையில் அவரை மாதிரியே கடைசி சீட்டுக்கு முன்னால் நின்று அளந்தேன். 1.8 ஜி. உட்கார்ந்தால் 3.9 வரும் அதே இடம். தினம் நூறு வேகத்தடை தாண்டுகிற உடம்பு இதைத் தானே கண்டுபிடித்துவைத்திருக்கிறது.

மொத்தச் செலவு, பயன்படாத நானோவைச் சேர்த்து, கருவிக்கு 2065 ரூபாய். இதில் கார்டு 250, ஒயரும் துளைப்பலகையும் 120. மெத்தைகள் தனி.

அடுத்த முறை சிலவற்றை மாற்றுவேன். இரண்டு சென்சார் வைப்பேன், ஒன்று சீட் தகரத்தில், ஒன்று இடுப்பில். இப்போது மெத்தை எவ்வளவு தின்றது என்பதை வெவ்வேறு பயணங்களை ஒப்பிட்டு ஊகிக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அளவையும் குறைந்தது ஐந்து முறை எடுப்பேன். பஸ் எண்களில் பாதி இரண்டு முறை எடுத்த சராசரிதான். ஒரு பொத்தானும் வேண்டும், வேகத்தடை வரும்போது அழுத்தினால் பதிவில் குறி விழுகிற மாதிரி. நாற்பது நிமிடப் பதிவில் எந்த மேடு எந்தத் தடை என்று தேடியே கண் வலித்தது.

அம்மாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்த 3.9 மேட்டில் விரலை வைத்து, "இந்த எடத்துலதான் உசுரு போச்சு" என்றார். இப்போது ஒரு நிறுத்தம் பின்னால் நடந்து போய், கூட்டம் ஏறுவதற்கு முன் ஏறி, நடுவில் உட்கார்ந்து வருகிறார். கெட்டி மெத்தையையும் ஒரு கட்டைப்பையில் போட்டு எடுத்துப் போகிறார்.